கம்பளி யார் கணக்கில்?

மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடி, அன்றைய வேலை எந்த மலையில் என்று கேட்டுக்கொள்ளும் இடத்திற்குப் 'பெரட்டுக்களம்' என்று பெயர். தப்பு முழங்கியதும் லயத்தை விட்டு இறங்கி, இருட்டிலும் பனிமூட்டத்திலும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெயர் கூப்பிடுவர். படைவீரர் அணிவகுத்து நிற்பதைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் நாவில் 'பெரட்டு' ஆயிற்று.

வரிசை, பெயர்ப்பதிவு, மேலிருந்து கீழே இறங்கும் கட்டளை, ஒரே அளவில் கட்டப்பட்ட குடியிருப்பு என்று தோட்டத்தின் வாழ்வில் படைமுகாமின் சாயல் நிறையவே உண்டு. இலங்கையில் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையைத் தொடக்கிவைத்தவர்களுள் ஒருவரான ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூ போரில் பங்குகொண்ட படைத்தளபதி என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் படையிடமிருந்து தோட்டம் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்ட விதி ஒன்று இருக்கிறது. குளிரில் நிற்கச் சொல்பவரே குளிருக்கு உடையும் கொடுக்க வேண்டும் என்பதே அது. அந்த ஒரு விதி விடுபட்ட வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

ஈரமும் குளிரும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் தரையில் உறைபனி படியும். விடிந்ததும் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும். ஹட்டன் அதைவிடத் தாழ்ந்த இடம். ஆனால் தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே மழை விடாது. ஹட்டனுக்குப் போகும் வழியிலுள்ள வட்டவளையில் ஓராண்டில் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது.

"இது என்ன பெரிய குளிர்? இமயமலையா, சைபீரியாவா?" என்று கேட்போர் உண்டு. குளிரை வெப்பமானி மட்டும் அளந்துவிடாது. உலர்ந்த காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் உடம்பின் சூட்டைக் காக்கிறது. அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் துணி உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. மழையில் நனைந்து, காற்றில் நின்று, போதிய உணவின்றி எட்டு மணிநேரம் வேலை செய்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதைப் படைமருத்துவர் நன்கறிவர்.

இதனாலேயே இன்றைய படைகள் குளிர்ப்பிரதேச வீரருக்கு ஒரே தடித்த உடையைக் கொடுப்பதில்லை. அடுக்கடுக்காகக் கொடுக்கின்றன. உடம்போடு ஒட்டிய உள்ளடுக்கு வியர்வையை வெளியே கடத்தும். நடுவடுக்கு காற்றை அடைத்துவைத்துச் சூட்டைக் காக்கும். மேலடுக்கு மழையையும் காற்றையும் தடுக்கும். மேடேறும்போது ஒன்றைக் கழற்றலாம். ஓய்ந்து நிற்கும்போது மீண்டும் அணியலாம். வியர்த்து நனைவதும் மழையில் நனைவதைப் போலவே ஆபத்து என்பதால் இந்தக் கழற்றுதலும் அணிதலும் மிக முக்கியம்.

மலைவாசிகள் பட்டறிவால் அறிந்திருந்த இந்த முறையை அறிவியலாக வகுத்தது இரண்டாம் உலகப் போர்க்காலம். ஆடையின் வெப்பக்காப்பை அளப்பதற்குக் 'குளோ' என்னும் அலகை அமெரிக்க ஆய்வாளர்கள் 1941 இல் உருவாக்கினர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமொன்று வீரர்களைக் குளிரறையில் நிறுத்தி உடைகளைச் சோதித்தது. 1943 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட மேற்சட்டை, உள்ளே வேறு அடுக்குகளை அணிவதற்கு இடம்விட்டுத் தைக்கப்பட்டது.

ஒரு செய்தியாளர் கவிழ்த்த அரசு

ஆனால் குளிருக்கு உடை கொடுப்பது அரசின் கடமை என்ற பாடத்தைப் பிரித்தானியர் அதற்கு வெகுகாலம் முன்பே, கிரிமியாவில், பெருவிலை கொடுத்துக் கற்றிருந்தனர். 1854 நவம்பர் 14 ஆம் நாள் பலக்லாவாத் துறைமுகத்திற்கு வெளியே வீசிய பெரும்புயலில் 'பிரின்ஸ்' என்னும் கப்பல் மூழ்கியது. படைவீரர்களுக்கான குளிர்கால உடைகள் அதனுடன் கடலுக்குள் போயின. கோடைகாலச் சீருடையின் கந்தல்களோடு பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்கள் குளிராலும் நோயாலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

அங்கே 'த டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர் வில்லியம் ஹவர்ட் ரசல் இருந்தார். அவர் எழுதியனுப்பிய கடிதங்கள் இலண்டனை உலுக்கின. விசாரணைக்குழு வேண்டும் என்ற தீர்மானம் நாடாளுமன்றத்தில் 1855 ஜனவரியில் நிறைவேறியது; அபர்டீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. ஆட்டுத்தோல் மேலங்கிகளும் கம்பளிக் காலுறைகளும் கப்பல் கப்பலாகப் போய்ச் சேர்ந்தன. முகத்தை மூடும் கம்பளித் தொப்பிக்கு ஆங்கிலத்தில் இன்றும் பலக்லாவா என்றே பெயர். நம்மவர் 'மங்கிக் குல்லா' என்று மார்கழியில் தேடியெடுப்பது அதைத்தான்.

அதே 1850களில், அதே பேரரசின் வேறொரு மூலையில், வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் என்று வறட்சியும் கடனும் விரட்டிய ஊர்களிலிருந்து புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டுவழியே மாத்தளைக்கும் அங்கிருந்து மலைக்கும் ஏறியவர்கள் அவர்கள். இடுப்பில் ஒரு பருத்தித் துணி, தோளில் ஒன்று. வெய்யில் காய்ந்த சமவெளிக்கு அது போதும். மலைக்கு ஏறியபின் இரவுக் குளிருக்கு அது துணியே அன்று. வழியில் கொள்ளைநோய்க்கும் பட்டினிக்கும் தப்பியவர்களுள் பலர் தோட்டத்தை அடைந்தபின் வயிற்றுக்கடுப்பாலும் நுரையீரல் அழற்சியாலும் இறந்தனர். பல்லாயிரக்கணக்கில் நிகழ்ந்த அந்தச் சாவுகளைக் கொழும்புப் பத்திரிகைகள் அந்நாளிலேயே எழுதத்தான் செய்தன. எந்த அரசும் கவிழவில்லை. இறந்தவர்களுக்காக வாக்களிக்க நாடாளுமன்றத்தில் எவருமில்லை.

இதிலுள்ள முரண் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1829 இல் பார்ன்ஸ் நுவரெலியாவை உருவாக்கியதே, கரையோரத்து வெப்பத்தில் நோயுற்ற ஆங்கிலப் படைவீரர் உடல்நலம் தேறும் இடமாகத்தான். கம்பளிச் சட்டையும் கணப்படுப்பும் உள்ளவனுக்கு அந்தக் குளிர் மருந்து. இவை இல்லாதவனுக்கு அதுவே நோய்.

கொங்காணியும் துண்டும்

தோட்டத்தை அடைந்தவருக்குக் கிடைத்த குளிராடை ஒன்றே ஒன்று: கறுப்புக் கம்பளி. பெல்லாரி முதலிய தக்காணத்து வறண்ட நிலங்களில் குரும்பர் முதலான ஆயர்குடியினர் தம் ஆட்டுமயிரைத் திரித்து நெய்த முரட்டு விரிப்பு. ஆங்கிலேயர் இதைக் 'கம்ப்ளி' என்றனர். 1886 இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில இந்தியச் சொற்களஞ்சியமான 'ஹொப்சன் ஜொப்சன்' நூலிலும் அச்சொல் இடம்பெற்றிருக்கிறது.

கம்பளியைக் குறைத்து மதிப்பிடலாகாது. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரூட்டும். ஆட்டுமயிரோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தொடுகைக்கு நனைந்ததாகத் தோன்றாது. சுருண்ட இழைகள் காற்றை விட்டுக்கொடுப்பதில்லை. தொழிலாளர் அதை நீளவாக்கில் மடித்து, ஒரு மூலையை உள்ளே சொருகித் தலையில் மாட்டி, முதுகுவழியே முழங்கால்வரை தொங்கவிடுவர். இதற்குக் கொங்காணி என்று பெயர். தமிழ்நாட்டு உழவர் சாக்கிலும் ஓலையிலும் செய்துகொண்ட மழைக்காப்பை மலைக்கு ஏறியவர் கம்பளியில் செய்துகொண்டனர். பகலில் மழையுடையாக இருந்த அதுவே இரவில் பாயும் போர்வையும் ஆயிற்று. பகலெல்லாம் நனைந்த கம்பளி இரவில் எப்படி உலரும்? லயத்தறையின் அடுப்புப் புகையில் காய்ந்தால் உண்டு. இல்லையேல் ஈரத்தோடுதான் படுக்கை. மூன்று அடுக்கு செய்ய வேண்டிய வேலையை ஓர் அடுக்கே, இரவும் பகலும், ஆண்டு முழுவதும் செய்தது.

இனி, பெரிய செய்திக்கு வருகிறேன். இந்தக் கம்பளி இலவசமன்று. வந்திறங்கிய தொழிலாளிக்கு முற்பணமும் அரிசியும் கம்பளியும் கொடுத்து, அவற்றின் விலையை அவர் பெயரிற் பற்றெழுதி, பின்னர் சம்பளத்தில் கழித்துக்கொள்வதே வழக்கம். கப்பற்செலவும் வழிச்செலவும் ஏற்கெனவே கங்காணியிடம் கடனாக நின்றன. கம்பளி அதன்மேல் ஏறிய இன்னொரு கடன். அந்தக் கடனைத் தீர்க்காமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போக வேண்டுமானால், கடன்தொகையைக் குறித்த 'துண்டு' ஒன்றைத் துரை எழுதிக்கொடுப்பார். அத்தொகையைக் கட்டும் வேறொரு தோட்டத்திற்கு ஆட்கள் கைமாறுவர். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இந்தத் துண்டுமுறை நீடித்தது. குளிரிலிருந்து காத்த கம்பளியே காலைக் கட்டிய கயிற்றின் ஓர் இழையாகவும் இருந்தது.

மேலே ஏறிய தேயிலை

கோப்பிக் காலத்தில் பலருக்கு மலைவாழ்வு சில மாதங்கள்தான். அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 இல் கோப்பி இலைகளில் பூஞ்சணநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1875 இல் ஆயிரம் ஏக்கரளவில் இருந்த தேயிலை, 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தொட்டது. 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது.

தேயிலை இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. கோப்பி விளையாத உயரங்களிலும் தேயிலை விளைந்தது. உயர்ந்த மலையின் தேயிலைக்கே மணமும் விலையும் அதிகம். ஆகவே மனிதர் இன்னும் குளிர்ந்த இடங்களுக்கு ஏற வேண்டியதாயிற்று. அடுத்தது, தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும், மழையோ பனியோ, கிழமைக்கொருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. கொழுந்தெடுக்கும் பெண்கள் தோட்டத்தின் முதுகெலும்பாயினர். விருந்தாளியாக வந்துபோன குளிர் வீட்டுக்காரனாகிவிட்டது. ஆனால் உடையின் கணக்கு மாறவில்லை.

அக்காலத்தில் இதே மலைநாட்டில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி ஒப்புநோக்கத் தக்கது. தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியர் சிறைபிடித்த போயர்களுள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் 1900 ஆம் ஆண்டு முதல் தியத்தலாவை முகாமிற்குக் கொண்டுவரப்பட்டனர். 1899 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, போர்க்கைதிகளுக்கு உணவு, உறைவிடம், உடை ஆகியவற்றைச் சிறைபிடித்த நாடு தன் சொந்தப் படைவீரருக்குக் கொடுக்கும் தரத்திலேயே கொடுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. போயர் குடியரசுகள் அதில் ஒப்பமிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் நாகரிக நாடுகள் ஏற்றுக்கொண்ட நெறி அதுவாக இருந்தது. பகைவனாகப் பிடிபட்டவனுக்கு உடை கொடுப்பது அரசின் கடமை. உழைக்க வந்தவனுக்குக் கம்பளி கொடுப்பது அவன் பெயரிற் பற்று. இரண்டும் நடந்தது ஒரே தீவில், ஒரே கொடியின் கீழ்.

துரைமார் குளிரை அறியாதவர்களும் அல்லர். ஐரோப்பியத் தோட்டக்காரரை மட்டும் கொண்டு 1900 இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் 1914 இல் கப்பலேறினர். எகிப்திலும், பின்னர் கலிப்பொலியிலும் தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகவும் அவர்கள் பணியாற்றினர். 1915 நவம்பர் இறுதியில் கலிப்பொலியில் மழையும் பனிப்புயலும் வீசின. பதுங்குகுழிகளில் வெள்ளம் புகுந்து நனைந்த வீரர் பின்னர் உறைபனியில் நின்றனர். இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோருக்குக் கையும் காலும் பனியால் வெந்தன. முதலில் ஈரம், பின்னர் குளிர் என்னும் வரிசை எவ்வளவு கொடியது என்பதற்கு அது பெருஞ்சான்று. அந்தப் பாடம் போர் முடிந்து தோட்டத்துப் பெரட்டுக்களத்திற்குத் திரும்பி வரவில்லை.

வீரனுக்கு உடை கொடுப்பதிலும் அரசுகள் தவறியதுண்டு. 1962 இல் சமவெளியிலிருந்து அவசரமாக இமயத்திற்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர் பலர் பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் போர்முனையில் நின்றனர். தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் மக்கள் மனத்தில் ஆழப்பதிந்தது அந்தக் காலணிதான். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவியிழந்தார். 1984 முதல் சியாச்சின் பனியாற்றில் நிற்கும் வீரருக்கு அடுக்குடைகள் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டன. அங்கே 2016 பெப்ரவரியில் பனிச்சரிவில் புதைந்து மாண்ட பதின்மரும் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். உயர்மலை வீரருக்கான உடை வழங்குவதில் தாமதமும் பற்றாக்குறையும் இருந்ததை இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கை 2020 இல் வெளிப்படுத்தியபோது நாடாளுமன்றத்திலும் ஏடுகளிலும் கேள்விகள் எழுந்தன. எழுந்தாக வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: வீரனுக்கு உடை குறைந்தால் அது அரசின் குற்றம் என்று எண்ண நாம் பழகியிருக்கிறோம். கொழுந்தெடுப்பவருக்கு உடை குறைந்தால் அது அவருடைய வறுமை என்று எண்ணவே பழகியிருக்கிறோம்.

தாமே கண்ட அடுக்கு

இலங்கை விடுதலைபெற்ற 1948 இலேயே மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தனர். 1964 இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தனர். அதே நீலகிரியில், வெலிங்டனில், சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஒரே மலைக்குளிரில் ஒரே மொழி பேசும் இருவகை மனிதர். ஒருவருக்கு உடை சீருடையாக வந்தது. மற்றவர் தாமே தேடிக்கொண்டார்.

எப்படித் தேடிக்கொண்டனர் என்பதை ஹட்டன், மஸ்கெலியா மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கூர்ந்து நோக்கினால் அறியலாம். சேலைக்கு மேல் ஓர் ஆண்சட்டை அல்லது பழைய சுவெட்டர். அதன்மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு. முன்னர் சாக்காக இருந்தது இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பு. நனைந்த தேயிலைச் செடி இடுப்புயரத்தில் உரசி உரசி நனைப்பதை அது தடுக்கிறது. தலைக்கு மடித்த துணி. அதன்மேல் கூடைக் கயிறு. அட்டைக்கு அஞ்சிக் காலில் நீண்ட காலுறை. உள்ளே ஒன்று, சூட்டுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. ஆய்வுகூடம் 1940களில் வகுத்த மூன்றடுக்கு முறையை இவர்கள் எவர் உதவியுமின்றி, பழந்துணியைக் கொண்டே அமைத்துவிட்டனர். ஒரே குறை, பிளாஸ்டிக் வியர்வையை வெளியே விடாது. மேடேறி இறங்கியவர் மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் நனைகிறார்.

நுவரெலியா நகருக்குச் செல்வோர் அங்குள்ள 'பேல் பஜார்' கடைத்தெருவைக் கண்டிருப்பர். பனிநாடுகளில் அணியும் தடித்த மேற்சட்டைகள் அங்கே குவிந்து கிடக்கும். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்தவர் விலைபேசி வாங்கி, இரண்டு நாள் அணிந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்கென்று தைக்கப்பட்டு மீந்தவை அங்கே வந்து சேர்கின்றன. அந்தத் தொழிற்சாலைகளின் தையற்பொறிகளின் முன்னே தோட்டங்களிலிருந்து போன இளம்பெண்களும் அமர்ந்திருக்கின்றனர். மகள் பனிநாட்டாருக்கு அடுக்குச்சட்டை தைக்கிறாள். தாய் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறாள்.

நல்ல மழைச்சட்டை ஒன்று பெரிய செலவன்று. தேயிலைச் செடிக்கு உரமும் மருந்தும் உற்பத்திச் செலவில் எழுதப்படுகின்றன. தொழிற்சாலைக்கு விறகும் மின்சாரமும் அவ்வாறே. கொழுந்தெடுக்கும் கையையும் முதுகையும் உலர்வாக வைத்திருக்கும் உடையும் அந்தப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியது. 'பெரட்டு' என்ற சொல்லைப் படையிடமிருந்து வாங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதனோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய மற்ற விதியையும் இனியாவது வாங்கிக்கொள்ளலாம்.